திட்டினேன், கை தட்டினார்கள்

சொந்த ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்குவதைப் போல ஒரு அசட்டுத்தனம் வேறு கிடையாது. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார். பிறந்த இடம் காஞ்சிபுரம் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"இதே ஊரா? அப்ப வூட்டுக்குப் போவாம இங்க வந்துக்கினு இருக்கறியேம்மா?"

"வீட்டை வித்தாச்சுங்க. அண்ணன் ஓசூர் போயிட்டான்."

"அமெரிக்காவுலேந்து வந்து எங்க லாட்ஜா!" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "இவங்க?"

இவங்க மெர்சி. மலாவி நாட்டுக்காரி. என்னைவிட ஆறு வயது பெரியவள். அந்த நாட்டு வேளாண் துறையில் விரிவாக்க அலுவலர், அதாவது எந்த விதை, எவ்வளவு இடைவெளி, எப்போது உரம் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் போய் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் அவள் ஊரில் எட்டு மாதம் தங்கி என் முதுகலை ஆய்வைச் செய்தேன். எனக்கு வீடு, சாப்பாடு, மொழிபெயர்ப்பு எல்லாம் அவள்தான். இப்போது ஐம்பத்திரண்டு வயதில் அவளே முதுகலை படிக்கிறாள். பெண் விவசாயிகள் யார் பேச்சைக் கேட்டு விதையை மாற்றுகிறார்கள் என்பது அவளுடைய தலைப்பு. தன் ஊரோடு ஒப்பிட வெளிநாட்டில் ஓர் இடம் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார்கள். "எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாடு வசந்தியின் ஊர்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வசந்தி நான்தான். போன் வந்ததும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவளுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். ஐந்து நாளில் முப்பது பெண்களிடம் பேச வேண்டும். முப்பதில் ஒன்று குறைந்தாலும் ஏற்க மாட்டேன் என்று அவளுடைய பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். படிப்பு விடுப்பு அந்த மாதத்தோடு தீர்கிறது. பட்டம் வந்தால் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை ஆகலாம். வராவிட்டால் ஓய்வு பெறும்வரை சைக்கிள்தான், முழங்காலோ தேய்ந்துபோயிருக்கிறது. இதையெல்லாம் அவள் படியேறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

முதல் நாள் காலை கோயில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். இலைக் கூடையில் வெந்து, ஒரு முழ நீளத்துக்கு வந்து, வட்டமாக அறுத்துக் கொடுக்கிற இட்லி. மெர்சி ஒரு வில்லையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். மிளகைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்குச் சிக்கல் இட்லியில் இல்லை, சாம்பாரில். கரண்டியால் அடியில் துழாவித் துவரம்பருப்பைக் கண்டுபிடித்தாள்.

"இது எங்கள் பருப்பு. எங்கள் பெண்கள் சோளத்துக்கு நடுவில் போட்டு, பூச்சி பார்த்து, காய வைத்து மூட்டை மூட்டையாக உங்கள் நாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதில் இவ்வளவு தண்ணீரை ஊற்றிக் குடிக்கிறீர்களா?"

"குடிக்கவில்லை, தொட்டுக்கொள்கிறோம்."

"ஊரில் போய்ச் சொல்ல மாட்டேன். வருத்தப்படுவார்கள்," என்றாள்.

காந்தி ரோட்டில் நடந்தபோது பட்டுக் கடைக்காரர்கள் விடவில்லை. பூப்போட்ட பருத்தித் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஆறடி உயரத்தில் ஒரு பெண் நடந்துபோனால் எப்படி விடுவார்கள்? "ஆப்ரிக்கா மேடம், ஒரு தபா உள்ள வாங்க, பாத்துட்டு மட்டும் போங்க!" ஒருவர் அவள் துணியின் ஓரத்தையே தொட்டுப் பார்த்து, "பாவு நல்லா இறுக்கமா கீதுமா, எந்தூர்ல நெய்யறாங்க?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் அந்தத் துணியையே கட்டிக்கொண்டு திரிந்தவள், எந்த ஊரில் நெய்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐந்து நாளைக்கும் ஒரு ஆட்டோ பேசிக்கொண்டோம். ஓட்டுநர் பாஷா பாய். வாய் ஓயாத மனிதர். "நீ இன்னாமா படிச்ச அமெரிக்காவுல?" என்றார். ஆப்பிரிக்க ஆய்வியலும் வேளாண் விரிவாக்கக் கல்வியும் என்றேன். ஆட்டோவையே நிறுத்திவிட்டார். "ஆப்ரிக்காவப் படிக்கறதுக்கு அமெரிக்காவுக்கு ஏம்மா போன?"

அச்சு அசலாக என் அப்பா கேட்ட கேள்வி. அப்பா இதே ஊரில் வேளாண் துறை விதைக் கிடங்கில் எழுத்தராக இருந்தார். நான் ஸ்காலர்ஷிப் கடிதத்தை நீட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆப்பிரிக்கா அங்கயாமா இருக்குது?" என்றார். பிறகு சுவரில் ஒரு உலகப் படம் மாட்டி, மூன்று ஊருக்கும் குண்டூசி குத்தி நூல் கட்டினார். காஞ்சிபுரம், பனி கொட்டுகிற அந்த அமெரிக்க ஊர், மலாவி. விதை மூட்டை தைக்கிற சணல் நூல் அது.

அந்தப் பனியூரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கள் வகுப்பில் நான்கே பேர். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே நாங்கள் கையுறையோடு உட்கார்ந்துகொண்டு, "மழை வந்துவிட்டதா? சோளம் முளைத்துவிட்டதா?" என்று மலாவி மொழியில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். ஒரு வருஷம் படித்தும் நலம் விசாரிக்கிற அளவுக்கு மேல் எனக்கு வரவில்லை. பெண்கள் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. அதனால்தான் மெர்சியை நம்பியே என் ஆய்வு முழுக்க நடந்தது. ஆனாலும் என் வாழ்க்கையில் சந்தோஷமான வருஷங்கள் எவை என்று கேட்டால் அந்தப் படிப்பில் போன இரண்டைத்தான் சொல்வேன்.

பாஷா பாய்க்கு நான் என் கை தட்டல் கதையையும் சொன்னேன். இருபது வருஷமாக எங்கே விருந்துக்குப் போனாலும் சொல்கிற கதை. மலாவியில் முதல் மழை நின்ற ஈரத்திலேயே விதை போட்டாக வேண்டும். எங்கள் குழுவில் பதினேழு பெண்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு செயல்விளக்க வயல். நான் காத்துக்கொண்டிருந்த மழை ஒருநாள் காலையில் கொட்டியது. பெண்கள் என்ன செய்தார்கள்? ஒருத்தியும் மண்வெட்டியைத் தொடவில்லை. மெர்சி வீட்டு வாசலில் காலை நீட்டி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் அதே கதை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, "சோம்பேறிகளா, மழை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். மெர்சி அதை அவர்கள் மொழியில் சொன்னாள். உடனே பதினேழு பேரும் கையைக் குவித்துக் கை தட்டினார்கள்!

பாஷா பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பால?"

"மூணாம் நாள் நான் எழுந்திருக்கறதுக்குள்ள மொத்த வயலையும் விதைச்சு முடிச்சுட்டாங்க."

"அப்ப திட்டு வேல செஞ்சிருக்குதுன்னு சொல்லு!"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பின்னால் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் சில சமயம் கறாராக இருக்கத்தான் வேண்டும் என்று அந்தக் கதையை வைத்தே உபதேசம் செய்திருக்கிறேன். மெர்சி, என்ன சிரிப்பு என்று கேட்டாள். சொன்னேன். "ஓ, அந்தக் கதையா," என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். காலேஜ் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற ரோடு. ஒரு பக்கம் இயர்போன் மாட்டிய மாணவர்கள், இன்னொரு பக்கம் நடவு வயல். களத்து மேட்டில் பன்னிரண்டு பெண்கள் கூடியிருந்தார்கள். முதலில் பேச வந்தவள் அஞ்சலை. புது நெல் ரகத்தைப் பற்றி அதிகாரிகள் சொன்னால் நம்புவீர்களா என்று மெர்சி கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வர்றவங்கோ எல்லாம் எங்கூட்டுக்காரன்கிட்ட சொல்லிக்கினு பூடறாங்கோ. நாத்து நடறது நானு, களை புடுங்கறது நானு. அவுரு டீக்கடைல கேட்டுக்கினு வந்து எனுக்கு சொல்றாரு. இந்தம்மா மட்டும் இன்னா பண்ணப் போவுது? எழுதிக்கினு ஊருக்குப் போயி பெரிய ஆளாயிடும். நான் இங்கியே சேத்துல நிப்பேன். கேளு அத!"

நான் மெர்சியிடம் திரும்பி, "அதிகாரிகள் கணவரிடம்தான் சொல்கிறார்களாம். நீ வந்ததில் சந்தோஷமாம்," என்றேன்.

வாய் தானாக அப்படிச் சொல்லிவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளிடம் எப்படிச் சொல்வது? விருந்தாளி அல்லவா? நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பாள்? மெர்சி எழுதாமல் என்னையே பார்த்தாள்.

"அவள் இரண்டு நிமிஷம் பேசினாள். நீ ஒரு மூச்சில் முடித்துவிட்டாய். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் எனக்குத் தெரியவில்லையே."

எனக்குக் காது சிவந்துவிட்டது. மிச்சத்தையும் சொன்னேன், பெரிய ஆளாகிவிடுவாய் என்பது உள்பட. மெர்சி எதையும் விடாமல் எழுதிக்கொண்டாள். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "நீ சொல்வது சரி. எங்கள் ஊரிலும் ஆண்களிடம்தான் சொல்வார்கள். நானும் பத்து வருஷம் அப்படித்தான் செய்தேன்," என்றாள். அதை நான் தமிழில் சொன்னதும் அஞ்சலை இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு பேரும் பேசிய பேச்சில் நோட்டு பாதி நிரம்பிவிட்டது.

திரும்பும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் சர்க்கரை போட மாட்டேன், வருவது அப்படியே வரும் என்று சத்தியம் செய்தேன்.

"பரவாயில்லை. நானும் உனக்குச் சர்க்கரை போட்டிருக்கிறேன்."

"எப்போது?"

"நிறையத் தடவை," என்றாள். என் ஆய்வேடு முழுக்க இவள் சொன்னதை வைத்து எழுதியதுதானே!

மூன்றாம் நாள் வாலாஜாபாத் ரோட்டில் ஆட்டோ பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். "நேத்தே பாக்கணும்னு நெனச்சேன்மா," என்றார் பாஷா பாய், நேற்று நினைத்ததே ஒரு சாதனை மாதிரி. அவர் டயரை உருட்டிக்கொண்டு போக, நாங்கள் புளிய மரத்தடியில் ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு ஒதுங்கினோம். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியைக் கிண்டி உருட்டித் தட்டில் போட்டதைப் பார்த்ததும் மெர்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதை ஏன் முதல் நாளே காட்டவில்லை?"

அவள் ஊரில் சோள மாவில் இதையேதான் கிண்டுகிறார்கள். நிறம் மட்டும் வெள்ளை. தொட்டுக்கொள்ள ஏரியில் பிடித்துக் காய வைத்த பொடி மீன். அவள் கையால் பிய்த்து, உருட்டி, கட்டை விரலால் குழி செய்து குழம்பை அள்ளினாள். கடைக்கார அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது? நம்மூரு புள்ளைங்க ஸ்பூன் கேக்குதுங்கோ!" அப்படியே மொழிபெயர்த்தேன். மெர்சி இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டாள். எனக்கு அவள் வீட்டுச் சமையல் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. புகையில் கண் எரிய உட்கார்ந்து, எனக்குக் களி கிண்ட வரவில்லை என்று பதினேழு பேரும் சிரித்த சாயங்காலங்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் பெயர்கூட மறந்துவிட்டது, அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

பஞ்சரில் ஒரு நாள் போய்விட்டது. நான்காம் நாள் இரண்டாவது கிராமம், பதினொரு பேர். ஆக இருபத்துமூன்று. "நாளைக்கு ஏழு பேர், முடிந்தது!" என்று மெர்சி ஆட்டோவிலேயே தோளைக் குலுக்கி ஆடினாள். வழியில் விதைக் கிடங்கைக் காட்டச் சொன்னாள். பழைய ஓட்டுக் கட்டிடம் போய்ப் புதுக் கட்டிடம் வந்திருந்தது. இங்கேதான் அப்பா உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தூணைக் காட்டினேன். உண்மையில் அந்த இடம்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.

கை தட்டல் கதையைச் சொல்லும்போது நான் ஒன்றை விட்டுவிடுவேன். அந்த மழைக்கு முந்தின சாயங்காலம்தான் அப்பா இறந்த செய்தி வந்தது. மெர்சியின் அலுவலகத்துக்கு அண்ணன் போன் செய்திருந்தான். "நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வராத," என்றான். விமானம் பிடித்து வர மூன்று நாளாவது ஆகும், அதுவும் பணம் புரட்ட முடிந்தால். நான் அழவில்லை. வேலை செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மழையும் வந்தது, விதை இருந்தது, பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தில் சிரிப்புக்காகச் சொல்கிற கதையில் இதை எங்கே நுழைப்பது?

ஐந்தாம் நாள் திருமுக்கூடல். மூன்று ஆறு சேர்கிற இடம். அந்தப் பக்கத்து ஊரில் மகளிர் குழுத் தலைவி செல்வி, ஏழு பேரை நிறுத்தி வைக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். ஊருக்குள் நுழையும்போதே தப்பு மேளச் சத்தம் கேட்டது. தெருமுனையில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் பெண்கள் கூட்டம். செல்வி தலையை முடிந்துகொண்டு ஓடி வந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் ஆவாதும்மா. எங்க குழுவுல தனம்னு ஒரு பொண்ணு, அதோட மாமனாரு விடியக்காலைல பூட்டாரு. எடுக்கற வரிக்கும் எவளும் கழனில எறங்க மாட்டா. புடுங்குன நாத்து அப்படியே கெடக்குது பாரு."

"எப்ப எடுப்பாங்க?"

"பையன் பெங்களூர்லேந்து வந்துக்கினு இருக்கறான். சாயங்காலம் ஆவும்."

மறுநாள் காலை மெர்சிக்கு வண்டி, மத்தியானம் விமானம். ஏழே ஏழு பேர்! அவள் பட்டம், அவள் முழங்கால், இவ்வளவு தூரம். "செல்விம்மா, இவங்க நாளைக்குக் கிளம்பறாங்க. ரெண்டு ரெண்டு பேரா இப்படி ஓரமா கூட்டிக்கிட்டு வாங்களேன். ஆளுக்குப் பத்து நிமிஷம்தான்," என்றேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாமா பேசற நீ? படிச்ச பொண்ணுதான?"

மெர்சி, என்ன சொன்னாள் என்று கேட்டாள். சத்தியம் செய்திருந்தேனே, நான் கேட்டது, அவள் சொன்னது இரண்டையும் அப்படியே சொன்னேன். மெர்சி கையிலிருந்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்து இடுப்பில் இருந்ததன் மேல் சுற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பந்தலுக்குள் போனாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். மண் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நேராக முன்னால் நீட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் இருந்தாள்.

நான் இந்த உட்காரலைப் பார்த்திருக்கிறேன். பதினேழு பேர் இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் எடுக்கும் வரை மெர்சி எழுந்திருக்கவில்லை. நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தனம் அழுது ஓய்ந்து, "இது யாரு?" என்று மட்டும் கேட்டாள். தூரத்திலிருந்து வந்தவங்க என்றேன். அவள் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். மணல்தான் அதிகம், நடுவில் கொஞ்சம் தண்ணீர். கோயில் மதிலில் குரங்குகள். இங்கேதான் அண்ணன் அப்பாவின் அஸ்தியைக் கரைத்தான். பாஷா பாய் மேலேயே ஆட்டோவோடு நின்றுகொண்டார். நான் மெர்சியிடம் கேட்டேன்.

"அன்று அவர்கள் விதைக்க வராமல் உட்கார்ந்திருந்தார்களே, எதற்கு?"

"முனுசாமிக்கு," என்றாள்.

என் அப்பாவின் பெயர். இருபது வருஷமாக வெளியாள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

"உனக்கு போன் வந்த சாயங்காலமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் ஆகும்வரை யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த வழக்கத்தைப் பற்றிப் பனியூர் வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தேன், தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். சாவு அவர்கள் ஊரில் விழுந்தால் என்று படித்திருந்தேன். காஞ்சிபுரத்தில் விழுந்த சாவுக்கு மலாவியில் வயலை நிறுத்துவார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். 'விதை கொடுக்கிறவர் அல்லவா, இந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்' என்றார்கள். 'நம்மோடு சாப்பிடுகிறவளின் அப்பா. அடக்கம் ஆகிவிட்டதா என்று தெரியும்வரை உட்கார்ந்திருப்போம்' என்றார்கள். இரண்டாம் நாள் இருட்டும்போது உன் அண்ணனின் அடுத்த போன் வந்தது, எல்லாம் முடிந்தது என்று. விடிவதற்குள் போய் விதைத்துவிட்டார்கள்."

"முதல் மழை ஈரம் இரண்டு நாள் போய்விட்டதே."

"ஆமாம். அந்த வருஷம் சோளம் குறைவுதான்."

"நான் சோம்பேறிகள் என்று கத்தினேனே மெர்சி!"

"கத்தினாய். கண் வீங்கி, தலை வாராமல், செருப்புக்கூட இல்லாமல் நின்று கத்தினாய். அப்பாவைப் பறிகொடுத்த பெண் கத்துகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். என்ன சொல்கிறாள் என்றுதான் என்னைக் கேட்டார்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"'என் அப்பாவுக்காக உட்கார்ந்தீர்களே, நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை' என்றேன். அதற்குத்தான் கை தட்டினார்கள்."

கையைக் குவித்துத் தட்டுவது அந்த ஊரில் மரியாதைக்கும் நன்றிக்கும் செய்வது. இதுவும் எனக்குத் தெரியும். திட்டியதற்கு நையாண்டி செய்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அது மட்டுமா? என் ஆய்வேட்டில் ஒரு வரி இருக்கிறது, இப்போதும் மனப்பாடம்: உறுப்பினர்களின் ஆர்வக் குறைவால் விதைப்பு இரண்டு நாள் தாமதமானது. அச்சடித்து, பைண்டு செய்து, மெர்சிக்கே ஒரு பிரதி அனுப்பினேன்.

"அந்த வரியைப் படித்தாயா?"

"படித்தேன். உடனே எழுதியிருக்க வேண்டும். பட்டம் வாங்கிவிட்டாயே, இப்போது எதற்கு என்று தள்ளிப்போட்டேன். பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. என் தப்புதான்."

"உன் தப்பா!" என்றேன். ஆற்றில் இறங்கி, கணுக்கால் அளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றேன். மெர்சியும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"முப்பதுக்கு என்ன செய்வாய்?" என்றேன்.

"இருபத்துமூன்றுதான் கொடுப்பேன். மீதி ஏழு பேர் துக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதுவேன். ஏற்காவிட்டால் போகட்டும், சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன்."

ஆட்டோவில் ஏறியதும் என் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். பாஷா பாயிடம் நாலு நாள் கழித்து மறுபடியும் இங்கே வரவேண்டும் என்றேன். "வா வா, ஸ்டெப்னிய மாத்திடறேன்," என்றார்.

மறுநாள் காலை லாட்ஜ் வாசலில் மெர்சியின் பெட்டியை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. செல்வியோடு போனில் பேசிவிட்டேன், அந்த ஏழு பேரையும் நான் பார்த்து எழுதி அனுப்புகிறேன் என்று மெர்சியிடம் சொன்னேன். "திட்டினாலும் அப்படியே எழுதுவேன். ஒரு துளி சர்க்கரை இருக்காது."

"உன்னைத்தான் அதிகம் திட்டுவார்கள்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பதினேழு பேரில் பதினொரு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்குப் போனதும் பார்ப்பேன். என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"இந்தத் தடவை நான் சொல்வதை அப்படியே சொல்வாயா?"

"ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்."

வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பிப்பதா, நன்றி என்று ஆரம்பிப்பதா என்று தெரியவில்லை. அப்பாவுக்காக அன்றைக்கு வராத அழுகை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆட்டோக்காரர்களும் பூக்காரியும் பார்த்துக்கொண்டிருக்க, அப்போது வந்தது. லாட்ஜ்காரர் மேசையை விட்டு ஓடி வந்து, "இன்னாம்மா ஆச்சு? யாராச்சும் எதுனா சொன்னாங்களா?" என்று பதறினார். மெர்சி என்னைத் தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது மொழிபெயர்ப்பவள் நிற்பாளே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒன்றையும் தவறவிடாமல், அப்படி நின்றாள். நான் முடிக்கும்வரை நின்றாள்.

"அப்படியே சொல்கிறேன்," என்றாள். கையைக் குவித்து, மெதுவாக இரண்டு தட்டு தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.